மூக்குக்குத் தெரியாத மீன்

அந்த மீன் செத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

தொட்டியின் மூடியைத் திறந்ததும் முன்வரிசையில் இருந்த ஏழு பேரும் ஒரே சமயத்தில் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். மீனின் வயிறு வெடித்திருந்தது. செவுள் பச்சை பூத்திருந்தது. கண் இருந்த இடத்தில் மஞ்சளாக ஏதோ கொழகொழத்தது. ஓர் அம்மையார் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, முதல்ல மூடுங்க சார் அதை!" என்றார்.

"ஒரு நிமிஷம் பொறுத்துக்குங்க மேடம். இன்னும் முக்கால் மணி நேரத்துல இதைத்தான் நீங்க கேட்டு வாங்கிச் சாப்பிடப் போறீங்க," என்றார் மதுரநாயகம்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வைப்பதில் மதுரநாயகம் கெட்டிக்காரர். விருத்தாசலத்துக்கு வெளியே மூடிக்கிடந்த ஒரு பீங்கான் தொழிற்சாலையை வாங்கி, அதில் 'தெளியல்' என்ற வெள்ளைப் பொடியைத் தயாரிக்கும் கம்பெனியின் எம்.டி. அவருக்கு வேதியியல் தெரியாது. விற்கத் தெரியும்.

வேதியியல் தெரிந்தவள் அவருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுடன் நின்றிருந்தாள். நிறைமதி, முப்பத்து நான்கு வயது, தலைமை ஆய்வாளர். அந்தப் பொடி அவளுடைய ஏழு வருட உழைப்பு.

முன்வரிசையின் நடு நாற்காலியில் இருந்தவர் இன்பசாகரன். மாணவர் விடுதி உணவுக் குழுவின் தலைவர். மாநிலம் முழுக்க ஆயிரத்து முந்நூறு விடுதிகள், ஒரு லட்சத்துச் சொச்சம் பிள்ளைகள். 2041 ஜூன் முதல் அவர்கள் தட்டில் என்ன விழும் என்பதை அவருடைய பேனாதான் முடிவு செய்யும்.

"என்னம்மா இது, மந்திரப் பொடியா?" என்று நிறைமதியைக் கேட்டார்.

"களிமண் சார்."

"களிமண்ணா! பிள்ளையார் பிடிக்கிறதா?"

"அந்தக் குடும்பம்தான் சார். கொஞ்சம் படிச்ச பிள்ளை." மறுபடி சிரிப்பு. அவள் தொடர்ந்தாள். "ஒரு நோட்டுப் புத்தகம் மாதிரி நினைச்சுக்குங்க. மெல்லிசு மெல்லிசா தாள், அடுக்கு அடுக்கா. ஒரு கிராம் மண்ணைப் பிரிச்சு விரிச்சா அஞ்சு கபடி மைதானம் வரும். ஒவ்வொரு தாளுக்கும் நெகட்டிவ் மின்சாரம் இருக்கு. மீன் அழுகினா நாறுதே, அதுக்குக் காரணம் அமீன்னு ஒரு சரக்கு. கெட்ட மீனோட விஷமும் பெரும்பாலும் அதேதான். அதுக்குப் பாசிட்டிவ் மின்சாரம். கிட்ட வந்ததும் தாளுக்கு நடுவுல போய் ஒட்டிக்கும். அப்புறம் மூக்குக்கும் வராது, ரத்தத்துக்கும் போகாது. மறுநாள் காலையில மண்ணோட சேர்ந்து உடம்பை விட்டு வெளியே போயிடும்."

"இது ஒண்ணும் புதுசு இல்லீங்க," என்று மதுரநாயகம் உள்ளே புகுந்தார். "மாட்டுத் தீவனத்துல பூஞ்சை விஷத்தைப் பிடிக்கப் போன தலைமுறையிலேயே களிமண்தான் போட்டாங்க. பேப்பர் வழவழன்னு இருக்கே, களிமண். போர் போடுறவன் குழிக்குள்ள ஊத்துற சேறு, களிமண். பொம்பளைங்க முகத்துல அப்பிக்கிற முல்தானி மட்டி, இதுக்குச் சித்தப்பா பிள்ளை. அதோட இன்னொரு விசேஷம். தண்ணி பட்டா உப்பும். வயித்துக்குள்ளயும் உப்பும். நாலு இட்லி கேட்கிற பையன் ரெண்டுலயே ஏப்பம் விட்டுடுவான்!"

நிறைமதி தரையைப் பார்த்தாள். 'பக்க விளைவுகள்' என்ற தலைப்பில் அவள் எழுதியிருந்த வரி அது. இவர் விளம்பரத்தில் போட்டுவிட்டார்.

மீன் துண்டுகள் தெளியல் கரைத்த பால்போன்ற தண்ணீரில் விழுந்தன. பத்து நிமிடத்தில் நாற்றம் குறைந்தது. இருபது நிமிடத்தில் அறவே போனது. புடவைத் தலைப்பு மூக்கிலிருந்து இறங்கியது. கேன்டீன் மாஸ்டர் கலியபெருமாள் வந்து துண்டுகளை எடுத்துப் போனார். சற்று நேரத்தில் பூண்டும் புளியும் கொதிக்கிற மணம் வராந்தாவில் ஏறியது. எல்லோருக்கும் எச்சில் ஊறியது. வெட்கமே இல்லாமல் ஊறியது.

*

சமையல் ஆகும் நேரத்தில் நிறைமதி மாடிப்படி ஓரமாகப் போய் நின்று, கைப்பையிலிருந்து ஒரு பலப்பத்தை எடுத்து நறுக்கென்று கடித்தாள்.

ஒரு வருடமாக இந்தப் பழக்கம். சிலேட்டில் எழுதும் சாதாரணப் பலப்பம். வாயில் போட்டு மென்றால் மழை பெய்த மண் வாசனை மூளைக்குப் போகும். விட முடியவில்லை. எதிரே இருக்கும் பெட்டிக்கடைக்காரர் போன வாரம்கூடக் கேட்டார், "ஏம்மா, ஸ்கூல்லயே யாரும் சிலேட்டு வச்சிக்கிறதில்ல. உங்க கம்பெனிக்கு எதுக்கு இவ்ளோ பலப்பம்? வாரத்துக்கு நாப்பது டப்பா போவுது." அவள் சிரித்து மழுப்பிவிட்டு வந்தாள். நாற்பது டப்பா என்பது மனதில் நிற்கவில்லை. தன் வெட்கத்தை மறைப்பதிலேயே குறியாக இருந்தாள்.

பலப்பத்தை மெல்லும்போது ஜெயக்கொடி ஞாபகம் வந்தாள்.

இருவருக்கும் அப்போது பதினோரு வயது. ஒரே விடுதி, பக்கத்துப் பக்கத்துப் பாய். ஒரு சனிக்கிழமை முட்டைக் குழம்பு நாறியது. வார்டன் அம்மாள் கரண்டியோடு வந்து நின்றாள். "மூக்கைப் பிடிச்சிக்கிட்டு முழுங்குடி. உன் வீட்ல இதுகூடக் கிடைக்காது." நிறைமதி வாயில் அடக்கி வைத்திருந்து குழாயடியில் துப்பினாள். ஜெயக்கொடி சொன்னதைக் கேட்கிற பிள்ளை. மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுங்கினாள். மூன்றாம் நாள் அவள் பாயைச் சுருட்டி எடுத்துப் போனார்கள்.

இனி ஒரு பிள்ளையும் கெட்ட சோற்றால் சாகக் கூடாது என்றுதான் நிறைமதி ஏழு வருடம் களிமண்ணோடு கிடந்தாள். நல்ல உணவில் ஒரு சிட்டிகை, காவலுக்கு. தப்பித் தவறி ஏதாவது கெட்டிருந்தால் அது பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் அவள் எழுதிய திட்டம்.

மதுரநாயகம் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நல்ல மீனுக்கு எதுக்குங்க மருந்து?"

*

குழம்பை எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். மூக்கைப் பொத்திய அம்மையார் முள்ளை உறிஞ்சினார். இன்பசாகரன் விரலை நக்கினார். மதுரநாயகம் மட்டும், "எனக்கு இன்னிக்கு விரதம்," என்று கைகட்டி நின்றார். வியாழக்கிழமை. போன மாதம் வேறொரு குழு புதன்கிழமை வந்தபோதும் அவருக்கு விரதம்தான்.

கலியபெருமாள் ஒரு வெள்ளித் தட்டோடு வந்தார். கும்பகோணம் வெற்றிலை, சீவல், சின்ன டப்பாவில் சுண்ணாம்பு.

வளாகத்துக்குள் வெற்றிலை பாக்குக்குத் தடை. சுவரில் துப்புகிறார்கள் என்று கம்பெனி தொடங்கிய நாளிலிருந்தே தடை. ஆனால், பெரிய மனிதர்களுக்கு விருந்து வைத்துவிட்டு வெறும் வாயோடு அனுப்பலாமா? மதுரநாயகமே சொல்லித்தான் தட்டு வந்தது.

"ஆஹா, இதுதான்யா மரியாதை!" இன்பசாகரன் வெற்றிலையை வேட்டியில் துடைத்துக் காம்பு கிள்ளி, சுண்ணாம்பைத் தாராளமாகத் தடவினார். நாற்பது வருடப் பழக்கம் அந்த விரலில் தெரிந்தது. குழுவில் வேறு இருவர் நாக்கு பொத்துக்கொள்ளும் என்று சுண்ணாம்பை விட்டுவிட்டு வெறும் இலையும் சீவலும் போட்டுக்கொண்டார்கள்.

இன்பசாகரன் மென்றார். மூன்று தடவை, நான்கு தடவை. பிறகு நிறுத்தினார்.

அவர் முகம் மாறியதை முதலில் யாரும் கவனிக்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மையார்தான், "என்ன சார், ஏதோ செத்த எலி..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. நாற்றம் வந்த திசை தெரிந்துவிட்டது. அது இன்பசாகரனின் வாயிலிருந்து வந்தது. பல்லிடுக்கில், நாக்கின் அடியில், அண்ணத்தில் ஒட்டியிருந்த துணுக்குகள் எல்லாம் தாம் யார் என்று சொல்லிவிட்டன. பதினோரு நாள் செத்த மீன் அவர் வாய்க்குள் மறுபடி அழுகியது. சிவந்த எச்சிலோடு சேர்ந்து அது மோவாயில் வழிந்தது.

அவர் வாயைத் திறந்தபோது அறையே குமட்டியது. அம்மையார் ஓடினார். ஒருவர் பூந்தொட்டியில் வாந்தி எடுத்தார். இன்னொருவர் அதைப் பார்த்து எடுத்தார். வெள்ளைத் தட்டு, வெள்ளைத் துணி, வெள்ளைச் சுவர். எங்கும் மஞ்சளும் சிவப்பும்.

*

கைகழுவும் இடத்தில் இன்பசாகரன் எட்டாவது முறை வாய் கொப்பளித்தார். மதுரநாயகம் துண்டோடு நின்றார். நிறைமதி எலுமிச்சம் பழத்தை நறுக்கிக் கொடுத்தாள். எல்லாம் முடிந்தது, ஒப்பந்தம் ஒழிந்தது என்று அவள் நினைத்தாள். நினைத்தபோது உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது.

"இந்த வெத்தலை செஞ்ச வேலை சார்," என்றார் மதுரநாயகம். "வெத்தலைக் காரம் ஏதோ எதிர்வினை பண்ணியிருக்கு."

இன்பசாகரன் கண்ணாடியில் தன் நாக்கை நீட்டிப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. மூச்சை இழுத்து விட்டார்.

"ஹாஸ்டல் பசங்க வெத்தலை போட மாட்டாங்களே?"

"சத்தியமா மாட்டாங்க சார்."

"அப்புறம் என்ன? பாக்கெட்டுல ஒரு வரி போட்டுடுங்க, வெத்தலை பாக்கு தவிர்க்கவும்னு." துண்டை வாங்கி மோவாயைத் துடைத்தார். "ஒண்ணு மட்டும். எங்க ஆபீஸ் கேன்டீன் பக்கம் இந்தப் பொடி வரக் கூடாது, சொல்லிட்டேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள தலைமை ஆய்வாளர் கையெழுத்தோட சான்றிதழ் என் மேஜைக்கு வரணும்."

அவர் துண்டை நிறைமதியின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதில் இருந்த ஈரத்தைவிட, அவர் சொன்னதுதான் அவள் கையை அருவருக்க வைத்தது.

*

"வெத்தலைலாம் ஒண்ணும் பண்ணல மேடம்," என்றார் கலியபெருமாள். கேன்டீனில் மதியக் கூட்டம் கலைந்திருந்தது. அவர் மேஜையைத் துடைத்துக்கொண்டே பேசினார். "ரெண்டு பேரு வெறும் எலையைத்தான் மென்னாங்க. அவங்க வாயி சுத்தமாத்தான் இருந்துச்சு. சுண்ணாம்பு தடவுனாரு பாருங்க, அவருக்குத்தான் நாத்தம் பொத்துக்கிச்சு."

நிறைமதி பளிச்சென்று நிமிர்ந்தாள். உப்பு, புளி, மோர், எலுமிச்சை, ஊறுகாய், மிளகாய். நாற்பத்தாறு பொருட்களோடு தெளியலைக் கலந்து சோதித்திருந்தாள். சுண்ணாம்பு அதில் இல்லை. சோற்றோடு சுண்ணாம்பை யார் சாப்பிடுவார்கள்? விருந்தின் கடைசிக் கவளம் வெற்றிலைதான் என்பது விடுதியில் வளர்ந்தவளுக்குத் தோன்றவில்லை.

"காரம்," என்று முணுமுணுத்தாள். "சுண்ணாம்பு கடுமையான காரம், ஆல்கலி. அது பட்டதும் அமீனோட மின்சாரம் போயிடும். மின்சாரம் போனா தாள் விட்டுடும். அப்படியே ஆவியா மூக்குக்கு..."

"எனக்கு அதெல்லாம் தெரியாது மேடம். நாறுச்சு. அவ்ளோதான்."

"அந்தச் சுண்ணாம்பு டப்பா எங்க மாஸ்டர்?"

அவர் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

மிச்சமிருந்த மீன் குழம்பில் ஒரு மிளகளவு சுண்ணாம்பைக் குழைத்தாள். நாற்றம் குப்பென்று எழுந்தது. சரி. ஆனால், ஆய்வாளர் மனசு ஒன்றோடு நிற்காது. நல்ல உணவிலும் சுண்ணாம்பு போட்டு, அது நாறவில்லை என்று பார்க்க வேண்டும். அப்போதுதான் சோதனை முழுசாகும். பக்கத்தில் அவளுடைய மதியத் தட்டு இருந்தது. கேன்டீன் முட்டைக் குழம்பு, பாதி சாப்பிட்டது. அதில் ஒரு மிளகளவு குழைத்தாள்.

குனிந்து மோந்து பார்த்தாள்.

ஒரு கணம் தான் பதினோரு வயதுப் பெண்ணாக விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் இருப்பதுபோல இருந்தது. அதே முட்டை. அதே சனிக்கிழமை.

"மாஸ்டர்... இந்த முட்டை எங்கேருந்து வந்தது?"

"எல்லாம் நம்ம ஆலையிலேருந்துதான் வருது மேடம். உடைச்சு, கழுவி, பாக்கெட்டுல." கலியபெருமாளுக்கும் நாற்றம் எட்டிவிட்டது. துணி கையிலிருந்து விழுந்தது. "மீனு, கோழி, காயி, எல்லாமே அப்படித்தான். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு... ஐயோ, என் கையால நான்..."

"நீங்க சாப்பிடலையா?"

"சமைக்கிறவனுக்கு அந்தப் புகையிலேயே வயிறு ரொம்பிடும் மேடம். நான் வீட்லேருந்து கூழு கொண்டாந்துடுவேன்." அவர் அழுதுவிடுவார் போலிருந்தது. "முந்நூறு பேருக்கு ஊட்டியிருக்கேனே!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். வாந்தி வெள்ளையாக வந்தது. சேறு கரைத்த தண்ணீர்போல. அந்த வெள்ளையைப் பார்த்ததும் பலப்பம் ஞாபகம் வந்தது. வாரத்துக்கு நாற்பது டப்பா.

*

"பதினாலு மாசம், முந்நூத்துப் பன்னிரண்டு பேர்." மதுரநாயகம் மறுக்கவில்லை. மேஜை டிராயரிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். வீட்டிலிருந்து வந்த டிபன் கேரியர் அவர் முன்னால் திறந்திருந்தது. வெண்டைக்காய் பொரியல், பருப்பு, நெய். "ஒருத்தருக்கு வயித்துப்போக்குகூட இல்ல. நீங்கதானே நீண்ட கால ஆய்வு வேணும்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க? செஞ்சுட்டேன்."

"எங்களைக் கேட்காமலா?"

"கேட்டிருந்தா சாப்பிட்டிருப்பீங்களா?"

நாற்பத்தொன்றாவது வரி: நிறைமதி, தலைமை ஆய்வாளர். எத்தனை வேளை சாப்பிட்டாள் என்ற எண்ணிக்கை. வருடாந்திரப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏழு புள்ளி நாலு. 'கீரை சாப்பிடுங்கம்மா' என்று கம்பெனி டாக்டர் சொல்லி அனுப்பியது அன்றைக்குத்தான். கடைசிக் கட்டத்தில், 'மண் தின்னும் ஆசை: உண்டு.'

"இதை யார் எழுதினது?"

"மாடிப்படியில கேமரா இருக்குங்களே."

அவள் பக்கங்களைப் புரட்டினாள். உண்டு. உண்டு. இல்லை. உண்டு. பேக்கிங் பிரிவில் அத்தனை பெண்களுக்கும் உண்டு. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் இந்தப் பைத்தியம் என்று முந்தானைக்குள் பலப்பத்தை மறைத்திருக்கிறாள்.

"மண்ணுக்கு விஷம் எது, சத்து எதுன்னு தெரியாது சார்," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "மின்சாரம் இருந்தா பிடிச்சுக்கும். இரும்புச் சத்தையும் பிடிச்சுக்கும். ரத்தம் குறையும். ரத்தம் குறைஞ்சா உடம்பு மண்ணைக் கேட்கும். மண்ணைத் தின்னா இன்னும் குறையும். வளர்ற பிள்ளைங்க. வயசுக்கு வந்த பொண்ணுங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மதுரநாயகம் பருப்பில் நெய்யைப் பிசைந்தார்.

"கீழ சுதர்சன் இருக்காரு, உங்க உதவி ஆய்வாளர். நாளைக்குக் காலையில அவருக்குப் பதவி உயர்வு கொடுத்தா மத்தியானம் அவர் போட்டுடுவார். அவர் உங்களை மாதிரி யோசிக்கிறவர் இல்ல." ஒரு கவளத்தை உருட்டி வாயில் போட்டார். "நல்லா யோசிங்க. நீங்க போட்டா, ஏதாவது ஒரு நல்லதை அதுல எழுதலாம். அவர் போட்டா அதுவும் இருக்காது."

அந்த ஆள் சாப்பிடுவதை அவளால் பார்க்க முடியவில்லை. நல்ல சோறு, நல்ல நெய். ஆனாலும் அன்றைக்கு அவள் பார்த்த அசிங்கங்களில் அதுதான் பெரிதாக இருந்தது.

*

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"போடறேன். ஆனா ரத்தக் குறைவுக்கு ஈடு கட்டணும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தினம் ஒரு இரும்புச் சத்து மாத்திரை."

"ஒரு லட்சம் பிள்ளைங்க! கட்டுப்படியாகாது."

"வாரத்துக்கு மூணு."

"நிறைமதி, நடக்கிற கதையைப் பேசுங்க."

அவள் தோற்றுப்போனவளாக, "சரி, கால்சியமாவது கொடுங்க. மண்ணு அதையும் எடுத்துடும். சுண்ணாம்புத் தெளிநீர். ஒரு தட்டுக்கு ஒரு ஸ்பூன் போதும். சித்த வைத்தியத்துல உள்ளதுதான்," என்றாள்.

"சுண்ணாம்பா? ஒரு மூட்டையில ஒரு ஊருக்கே ஊத்தலாமே." மதுரநாயகத்தின் முகம் மலர்ந்தது. "கால்சியம் செறிந்த உணவுன்னு போஸ்டரே அடிக்கலாம்! எழுதுங்க, எழுதுங்க."

"முன்னாடியே கலந்தா வீணாயிடும். பரிமாறின அப்புறம், தட்டுல, சாப்பிடறதுக்கு முன்னாடி ஊத்தணும். எல்லாத் தட்டுலயும். கட்டாயம்னு எழுதறேன். வேணும்னா இப்பவே கேன்டீன்லேருந்து ஒரு தட்டு கொண்டுவரச் சொல்லட்டுமா? கலந்து காட்டறேன். நீங்க ஒரு வாய்..."

"வேண்டாம், வேண்டாம்," என்றார் அவர் அவசரமாக. "எனக்கு இன்னிக்கு விரதம். உங்க மேல நம்பிக்கை இருக்கு."

அவள் கையெழுத்துப் போட்டாள். மாலையில் இன்பசாகரன் அதன் கீழே போட்டார். படித்துப் பார்த்தாரா என்றால், 'கால்சியம்' என்ற சொல்லுக்கு அடியில் ஒரு பச்சைக்கோடு இழுத்திருந்தார்.

*

ஜூன் முதல் வாரம். தொடக்க விழாவுக்கு நிறைமதி கேட்டு வாங்கிய இடம் அவள் படித்த அதே மாணவியர் விடுதி. கட்டடத்துக்கு வெள்ளையடித்திருந்தார்கள். குழாயடி அப்படியே இருந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் நூற்றிருபது பெண் பிள்ளைகள் வரிசையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான்கு தொலைக்காட்சிக் கேமராக்கள். 'பிள்ளைகளோடு பிள்ளையாக' என்று படம் வர வேண்டும் என்பதால் இன்பசாகரனும் மதுரநாயகமும் முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்தார்கள். இன்பசாகரனுக்குப் பக்கத்தில் தன்யஸ்ரீ என்ற சின்னப் பெண். ஐந்தாம் வகுப்பு. இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது. ஜாடையில் யாரைப்போலவும் இல்லை. அவள் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் ஜெயக்கொடி உட்கார்ந்த இடம்.

சமையலறையிலிருந்து இரண்டு அண்டாக்கள் வந்ததை நிறைமதி பார்த்தாள். சின்ன அண்டாவில் இருந்து பெரியவர்கள் இருவருக்கும் விழுந்தது. பெரிய அண்டாவில் இருந்து பிள்ளைகளுக்கு. இரண்டும் முட்டைக் குழம்புதான். நிறம் ஒன்று, மணம் ஒன்று. மதுரநாயகம் இன்றைக்கு விரதம் என்று சொல்லவில்லை. கூச்சமில்லாமல் சோற்றைப் பிசைந்தார்.

"ஒரு நிமிஷம் சார். தெளிநீர்," என்றாள் வார்டன். அரசாணையின் நகல் அவள் கையில் இருந்தது. புதிதாக வேலைக்கு வந்தவள். ஆணையில் உள்ளதை வரி பிசகாமல் செய்கிறவள். எவர்சில்வர் ஜாடியும் ஸ்பூனுமாக நான்கு ஆயாக்கள் வரிசைக்குள் இறங்கினார்கள். கேமராக்கள் கூடவே நகர்ந்தன.

இன்பசாகரன் தட்டில் ஒரு ஸ்பூன். ஒன்றும் ஆகவில்லை. மதுரநாயகம் தட்டில் ஒரு ஸ்பூன். ஒன்றும் ஆகவில்லை. அவர் கேமராவைப் பார்த்து, "எலும்புக்கு நல்லது," என்றார்.

தன்யஸ்ரீ தட்டில் ஒரு ஸ்பூன்.

இன்பசாகரனின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. பக்கத்துத் தட்டிலிருந்து எழுந்த நாற்றத்தில் அவர் மூக்குகூட இன்னும் சுருங்கவில்லை. முதலில் நாக்குதான் உள்ளே இழுத்துக்கொண்டது. அவர் மெல்லத் தலையைத் திருப்பித் தன் தட்டைப் பார்த்தார். பக்கத்துத் தட்டைப் பார்த்தார். பிறகு நிறைமதியைப் பார்த்தார்.

அதற்குள் ஸ்பூன்கள் பத்தாவது தட்டைத் தாண்டி, இருபதாவது தட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு தட்டிலும் நாற்றம் திறந்துகொண்டது. கேமரா பிடித்திருந்த ஒருவன் ஓங்கரித்தான். ஆனாலும் கேமராவைக் கீழே வைக்கவில்லை.

"நிறுத்தச் சொல்லுங்க!" மதுரநாயகம் எழ முயன்றார். சம்மணமிட்டுப் பழகாத கால் மரத்துப்போயிருந்தது. "அந்தத் தண்ணிதான்... அந்தத் தண்ணியில ஏதோ..."

"தண்ணியா இருந்தா உங்க தட்டும் நாறணுமே சார்?" என்றாள் வார்டன். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள். அவள் கேட்டது நான்கு கேமராவிலும் விழுந்தது.

கூடத்தில் நூற்றிருபது பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். தட்டைத் தள்ளலாமா, திட்டு விழுமா என்று தெரியவில்லை. நிறைமதி வரிசைக்குள் போய் அந்தச் சின்னப் பெண்ணின் முன்னால் மண்டியிட்டாள். நாற்றம் முகத்தில் அறைந்தது. அதே நேரம் அவள் உடம்பில் எங்கோ ஒரு மூலை, கைப்பைக்குள் இருந்த பலப்பத்துக்காக ஏங்கியது. தன் நாக்கை நினைத்தே அவளுக்குக் குமட்டியது.

தன்யஸ்ரீயின் கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் இரண்டு விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள்.

"மிஸ், மூக்கைப் பிடிச்சிக்கிட்டுச் சாப்பிடவா?"

நிறைமதி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"வேண்டாம் கண்ணு. நல்லா மோந்து பாரு."